ஒற்றைக் கைக்கு ஒரு ரப்பர் படகு

கடைக் கதவைத் தள்ளியதும் என் கணவர் செய்த முதல் காரியம் இடது கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டதுதான். எனக்கு அங்கேயே பற்றிக்கொண்டு வந்தது. பெட்டாலிங் ஜெயாவில் தொழிற்சாலைகளுக்கு நடுவே ஒரு படகுச் சாமான் கடை அது. கிள்ளானிலிருந்து ஒன்றரை மணி நேரம் நெரிசலில் உட்கார்ந்து, வெயிலில் வெந்து, அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறோம். எதற்காகப் போனோம்? அந்த இடது கைக்காக. அதைப் பைக்குள் ஒளித்து வைத்துக்கொண்டு ரப்பர் படகு வாங்கப் போகிறாராம்!

என் கணவர் கிள்ளான் துறைமுகத்தில் முப்பது வருஷம் கிரேன் ஓட்டியவர். தினமும் மேலே உட்கார்ந்து கப்பல்களைப் பார்த்துப் பார்த்து, கடைசியில் தனக்கும் ஒன்று வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. ஊருக்குத் திரும்பிப்போன ஒரு வெள்ளைக்காரரிடம் பழைய பாய்மரப் படகு ஒன்றை வாங்கினார். இருபத்திரண்டு அடி. உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாது. ஓர் அடுப்பு, இரண்டு பலகைப் படுக்கை, அவ்வளவுதான். வாங்கிய புதிதில் நான் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. பிறகு நானும் கூடப் போக ஆரம்பித்தேன். எனக்கு நீச்சல் தெரியாது, ஆனால் சுக்கான் பிடிக்கக் கற்றுக்கொண்டேன். பாயை அவர் இழுப்பார். கேரித் தீவுப் பக்கம் போய், எண்ணெய்ப்பனை மரங்கள் தெரிகிற இடத்தில் நங்கூரம் போட்டு, கட்டிக்கொண்டு போன நாசி லெமாக் சோற்றைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவோம்.

போன வருஷம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. கால் திரும்பியது, பேச்சு திரும்பியது. இடது கை மட்டும் முழுசாகத் திரும்பவில்லை. தூக்குவார், மடக்குவார், ஆனால் பிடித்த பிடி நிற்காது. டம்ளரைக் கொடுத்தால் பாதியில் நழுவும். முதல் மூன்று மாதம் கட்டிலை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்று சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். மகள் வந்து அழுதாள், அவருடைய தம்பி வந்து திட்டினார், ஒன்றும் நடக்கவில்லை. "படகுக்குப் போக வேணாமா?" என்று நான் கேட்ட பிறகுதான் எழுந்து உட்கார்ந்தார். அதற்கப்புறம் வாரம் இரண்டு நாள் பிரிக்பீல்ட்ஸில் பயிற்சிச் சிகிச்சை. ரயிலில் கூட்டிக்கொண்டு போய்த் திரும்பக் கூட்டி வந்தது நான். அந்தப் படகு கைவிட்டுப் போனால் மனிதர் மறுபடியும் சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவார் என்பது எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

படகோ கரையில் இல்லை. படகுத்துறை ஜெட்டியிலிருந்து கூப்பிடு தூரத்தில், தண்ணீருக்கு நடுவே ஒரு மிதவையில் கட்டிக் கிடக்கிறது. முன்பு ஒரு சீனத்து அங்கிள் தன் சம்பான் தோணியில் எல்லோரையும் கொண்டுபோய் விடுவார். அவர் சம்பானை விற்றுவிட்டு மகன் வீட்டோடு போய்விட்டார். அங்கே போய்வர வைத்திருந்த எங்கள் பழைய ரப்பர் படகு வெயிலில் இளகி, தொட்டால் கையோடு ஒட்டிக்கொள்ளும் நிலைக்கு வந்து குப்பைக்குப் போயிற்று. பக்கத்துப் படகுக்காரர் இரக்கப்பட்டுத் தன் சின்ன ஃபைபர் படகைக் கொடுத்தார். என் கணவர் அதன் ஓரத்தில் காலை வைத்தார். அது சாய்ந்தது. ஜெட்டிக் கம்பியை இடது கையால் எட்டிப் பிடித்தார். பிடி நிற்கவில்லை. இடுப்பளவு சேற்றுத் தண்ணீரில் போய் விழுந்தார்.

"கால் வழுக்கிருச்சு," என்றார், மேலே ஏறி வந்து.

ஜெட்டியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஒருவன் துண்டு எடுத்துக் கொடுத்தான். கொடுத்த கையோடு, "அங்கிள், போட்டை விக்கிற ஐடியா இருந்தா சொல்லுங்க லா. மாசக் கடைசி வரைக்கும் வெயிட் பண்றேன்," என்றான். ஈரம்கூடக் காயவில்லை, அதற்குள் விலை பேச வந்துவிட்டான்! என் கணவர் முடியாது என்று சொல்வார் என்று பார்த்தேன். "பாக்கலாம்" என்றார். அந்த ஒரு சொல்லைக் கேட்ட அன்றிரவே நான் கைப்பேசியில் ரப்பர் படகு தேட ஆரம்பித்தேன்.

ஆகவேதான் பெட்டாலிங் ஜெயா. கடைக்காரர் ஓர் இளவயதுக்காரர், நம்மவர்தான். என்னைத் தாண்டி நேராக என் கணவரிடம் போய், "வாங்க பாஸ், என்ன சைஸ் பாக்குறீங்க?" என்று கேட்டார். அடியில் ஃபைபர் வைத்த பெரிய ஒன்றைக் காட்டினார். அது விற்கிற விலைக்கு ஒரு மோட்டார் சைக்கிளே வாங்கலாம்.

"ஓரத்துல ஏறி உக்காந்தா சாயுமா?" என்று நான் கேட்டேன்.

"ரப்பர் போட் சாயாது ஆன்டி. பயப்படாதீங்க லா."

"பயப்படல. எத்தனை அறைன்னு சொல்லுங்க."

"என்னது ஆன்டி?"

"காத்து அறை. ஒண்ணு ஓட்டையானா மத்ததுங்க தாங்குமா? மூணு இருக்கா, இல்ல ஒண்ணுதானா? தரை பலகையா, காத்தா? ஒட்டினதா, சூடு வெச்சு இணைச்சதா?"

அப்போதுதான் அந்த மனிதர் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார். இரண்டு வாரமாகக் கைப்பேசியில் இதைத்தான் படித்துக்கொண்டிருந்தேன், சும்மாவா? என் கணவரோ ஒவ்வொரு படகின் முன்னும் நின்று ஒரே கேள்வியைத்தான் கேட்டார். "எத்தனை கிலோ?" நாற்பது என்றதும் உதட்டைப் பிதுக்கினார். முப்பது என்றதும் பிதுக்கினார்.

"ரெண்டு பேர் தூக்கினா ஈஸி பாஸ்," என்றார் கடைக்காரர்.

"ரெண்டு பேர் எதுக்கு? நானே தூக்கிருவேன்," என்றார் இவர், கை பைக்குள் இருக்க. நான் பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

காரில் ஏறியதும் வெடித்தேன்.

"கைய ஏன் பாக்கெட்ல வெச்சிருந்தீங்க?"

"ஏசி குளுந்துச்சு."

"வலது கைக்குக் குளிரலையா?"

"உங்களுக்கு வாங்கப் போனோமா, வேற யாருக்காவது வாங்கப் போனோமா? கை இப்படி இருக்கு, இதுக்கு ஏத்த மாதிரி காட்டுங்கன்னு சொன்னா உங்க கிரீடம் கீழ விழுந்துருமா?" என்று ஷா ஆலம் வரும் வரை கத்தினேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கோபத்தில் நான் வழக்கமாகத் திரும்புகிற இடத்தையும் விட்டுவிட்டேன்.

மறுநாள் டயர் கடைக்குப் போய் ஒரு பழைய லோரி டியூப் வாங்கிக் காற்றடித்துக் கார் நிறுத்துகிற முற்றத்தில் போட்டேன். பக்கத்தில் முக்காலியை வைத்தேன். முக்காலிதான் ஜெட்டி, டியூப்தான் படகு. "வாங்க, ஏறிப் பழகுங்க," என்று கூப்பிட்டேன்.

"நான் என்ன சின்னப் புள்ளையா? தெருவே பாக்குது," என்று உள்ளே போய்த் தொலைக்காட்சியைப் போட்டுக்கொண்டார்.

தெரு பார்த்தால் பார்க்கட்டும் என்று நானே ஏறினேன். என் இடது கையை முந்தானையால் இடுப்போடு கட்டிக்கொண்டு ஏறினேன். எதிர்வீட்டு மலாய்க்கார அக்கா துடைப்பத்தோடு நின்று வேடிக்கை பார்த்தார். இரண்டு தடவை உருண்டேன், முழங்கையில் சிராய்ப்பு. மூன்றாம் தடவைதான் புரிந்தது. நின்றுகொண்டு காலை வைக்கவே கூடாது. முதலில் முக்காலியிலேயே உட்கார வேண்டும், அப்படியே பின்பக்கத்தை டியூப் மேல் நகர்த்த வேண்டும், பிறகு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே சுழற்றிப் போட வேண்டும். இப்படி ஏறினால் இடது கைக்கு வேலையே இல்லை. ஆனால் அதற்குப் படகின் பக்கவாட்டு டியூப் தலையணைபோலத் தடியாக இருக்க வேண்டும். கால் வைக்கிற தரை தொளதொளவென்று மடங்கக் கூடாது. இவ்வளவையும் கண்டுபிடித்து ஓடிப்போய்ச் சொன்னால், தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல் "சரி, சரி" என்றார். அந்த ரிமோட்டைப் பிடுங்கி வெளியே எறிந்திருக்க வேண்டும், எறியவில்லை.

அடுத்த வாரம் ஒரு பெட்டி வந்தது. அவர் பெயருக்கு. இணையத்தில் யாருக்கும் தெரியாமல் வாங்கியிருக்கிறார்.

படத்தில் ஒரு குடும்பமே உட்கார்ந்து நீல ஏரியில் சிரித்துக்கொண்டிருந்தது. பெட்டிக்குள் இருந்ததோ குளிக்கிற தொட்டியில் குழந்தைகள் வைத்து விளையாடுகிற சாமான். ஒற்றை அறை. மேசைவிரிப்புத் தடிமனில் பிளாஸ்டிக். நான் முற்றத்தில் வைத்து ஊதி, உள்ளே உட்கார்ந்து பார்த்தேன். தரை இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை, சிமெண்டின் சூடு நேராக ஏறியது. பக்கவாட்டு டியூபில் கையை ஊன்றினேன், அப்படியே மடங்கிப் படுத்துக்கொண்டது.

"இதுல வாத்துகூட உக்காராது!" என்று கத்தினேன். "அங்க கடல் ஏத்தமும் வத்தமும் எப்படி இழுக்கும்னு உங்களுக்குத் தெரியாதா? முப்பது வருஷம் மேல இருந்து என்னத்த பாத்தீங்க? மலிவா கெடச்சா உயிரையும் குடுத்துருவீங்களா? மனுஷனா நீங்க?"

அவர் வாசற்படியில் நின்றார். பிறகு குனிந்து, வலது கையால் அந்தப் படகின் கயிற்றைப் பிடித்தார். நான் எழுந்து விலகியதும் அதை ஒரே தூக்காகத் தோளுக்கு மேல் தூக்கிக் காட்டினார்.

"அஞ்சு கிலோ," என்றார். "இத நானே தூக்கலாம். யாரையும் கூப்பிட வேணாம். ஜெட்டியில நின்னுக்கிட்டு ஒவ்வொருத்தன் மூஞ்சியா பாத்துக்கிட்டு இருக்க வேணாம்."

அவர் கஞ்சத்தனம் பண்ணவில்லை, கையை மறந்தும் போகவில்லை. நான் அவர் ஏறுவதற்கு ஏற்ற படகைத் தேடிக்கொண்டிருந்தேன், அவர் தனியாகத் தூக்குவதற்கு ஏற்ற படகைத் தேடிக்கொண்டிருந்தார். ஒரே கைக்காகத்தான் இரண்டு பேரும் தேடியிருக்கிறோம். புரிந்ததும் என் கோபம் இறங்கியிருக்க வேண்டும் என்று நினைப்பீர்கள். இல்லை, இன்னும் ஏறியது. இதை அன்றைக்குக் காரிலேயே சொல்லித் தொலைத்திருந்தால் என்ன? வாயிலுமா பக்கவாதம்? நான் சமையலறைக்குப் போய்ப் பாத்திரங்களைத் தேவைக்கு மேல் சத்தமாகக் கழுவினேன்.

சண்டைக்கு நடுவிலேயே எனக்கு வேலை தெளிவாகிவிட்டது. ஏறவும் வேண்டும், தூக்கவும் வேண்டும். இரண்டு நாள் தேடி, கிள்ளானிலேயே, மீன்பிடிச் சாமான் விற்கிற ஒரு கிடங்கில் ஒன்றைக் கண்டுபிடித்தேன். ஏழரை அடி. மூன்று அறை. தரையும் காற்றுதான், ஆனால் பம்பு போட்டு இறுக்கினால் பலகைபோல் நிற்கும். தலையணைத் தடிமனில் டியூப், இரு பக்கமும் பிடிகயிறு. துணி உயர்ந்த ரகமில்லை, வெயிலில் போட்டால் இதுவும் ஒருநாள் இளகும். அதற்கு உறை தைத்துப் போடலாம். எடை இருபத்திரண்டு கிலோ. இவர் உதட்டைப் பிதுக்க ஆரம்பிக்கும்போதே நான் கடைக்காரரிடம், "பின்னாடி சக்கரம் மாட்ட முடியுமா?" என்று கேட்டேன். முடியும். இரண்டு சின்னச் சக்கரம், தண்ணீருக்கு வந்ததும் மேலே மடக்கிக்கொள்ளலாம். என் கணவர் முன்கயிற்றை வலது கையில் பிடித்துக் கிடங்குக்குள் ஒரு சுற்று இழுத்துப் பார்த்தார். இரண்டாவது சுற்றும் போனார். மூன்றாவது சுற்று முடிந்து வந்தபோது இடது கை பையில் இல்லை, வெளியே தொங்கிக்கொண்டிருந்தது.

எங்கள் வீட்டில் எந்த வண்டி வந்தாலும் பூஜை போடாமல் ஓடாது. மகள் வாங்கிய அடிபட்ட பழைய காருக்கே போட்டோம். இதற்குத்தான் சக்கரம் இருக்கிறதே! முற்றத்தில் காற்றடித்து வைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, லிட்டில் இந்தியாவில் வாங்கிய மல்லிகைச் சரத்தைச் சுற்றி, இரண்டு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தேன். சாமி படத்துக்கு முன்னால் வைப்பதுபோல ஒரு வாழைப்பழத்தில் மூன்று ஊதுபத்தியைச் செருகி, முன்பக்க டியூப் மேல் வைத்தேன். கற்பூரத்தைக் காட்டிவிட்டு, "இழுங்க," என்றேன்.

அவர் இழுத்தார். எலுமிச்சம்பழம் நசுங்கியது, படகு குலுங்கியது, வாழைப்பழம் உருண்டது. ஒரு சின்ன நாற்றம். அப்புறம் உஸ்ஸென்று சத்தம்.

வெயிலில் வைக்காதே, சூடு ஆகாது என்று ஊருக்கே பாடம் எடுத்தவள், நெருப்பைக் கொண்டுபோய் அதன் மூக்கிலேயே வைத்திருக்கிறேன்! முன் அறை கண்ணெதிரே தொய்ந்துகொண்டு போயிற்று. மாதக் கடைசிக்கு ஐந்து நாள் இருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. யார் மேல் காட்டுவது? அவர் மேல்தான் காட்டினேன்.

"பாத்துக்கிட்டுத்தானே நின்னீங்க! வாய தொறந்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"உன் பூஜையில நான் வாய தொறந்தா சும்மா விடுவியா?" என்றார். சொல்லிவிட்டுப் படகோடு வந்த, ஓட்டை ஒட்டுகிற சாமான் பையை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்.

ஓட்டை மிளகளவுதான். மிச்சக் காற்றை எடுத்து, அந்த இடத்தைத் துடைத்து, அவர் சொல்லச் சொல்ல நான் பசை தடவினேன். காயவிட்டு, வட்டத் துண்டை வைத்து ஒட்டியாயிற்று. இனிமேல் பாரம் வைத்து அழுத்த வேண்டும். அம்மிக்குழவியை எடுத்து வரலாம் என்று நான் எழுந்தேன்.

"அதெல்லாம் வேணாம்," என்றார். வலது கையால் தன் இடது கையைத் தூக்கி, ஏதோ சாமானை எடுத்து வைப்பதுபோல, அந்த ஒட்டின் மேல் வைத்தார். "இது கல்லு மாதிரிதானே கெடக்கு. இதுக்கும் ஒரு வேலை வேணும்ல."

எதிர்வீட்டு அக்கா கதவருகே வந்து எட்டிப் பார்த்தார். இவர் கையை எடுக்கவில்லை. வெயில் முற்றத்தைத் தாண்டிப் போகும் வரை அப்படியே உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து, ஒரு வருஷத்துக்கானதையும் சேர்த்துத் திட்டிக்கொண்டிருந்தேன். அவ்வப்போது "ம்" என்றார்.

மாதக் கடைசி நாளன்று, கடல் ஏற்றம் நிறைந்து நீரோட்டம் அடங்கியிருந்த காலை வேளையில் ஜெட்டிக்குப் போனோம். துண்டு கொடுத்தவன் அங்கே இருந்தான். அவன் பார்க்கப் பார்க்க என் கணவர் படகைச் சரிவில் தானே இழுத்துக்கொண்டு இறங்கினார். யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. ஜெட்டிப் படியின் ஓரத்தில் முதலில் உட்கார்ந்தார், பின்பக்கத்தை டியூப் மேல் நகர்த்தினார், இரண்டு காலையும் சேர்த்து உள்ளே சுழற்றிப் போட்டார். தொலைக்காட்சி பார்த்தாராம்! ஜன்னல் வழியாக என்னைத்தான் பார்த்திருக்கிறார். உருண்டு விழுந்து கை சிராய்ந்தது நான், பாடம் படித்தது அவர்.

துடுப்புப் போட்டது நானேதான். படகு இரண்டு தடவை வட்டமடித்தது. "வலது, வலது! உனக்கு வலதுன்னா எதுன்னு தெரியாதா?" என்று அவர் கத்த, "உங்களுக்கு ரெண்டும் ஒழுங்கா இருந்தா நீங்க போடுங்க," என்று நான் கத்தினேன். என் கண் முழுக்க முன்பக்கத்து ஒட்டின் மேல்தான் இருந்தது. அது அசையவில்லை.

பாய்மரப் படகை ஒட்டிப் போய் நின்றதும் நான் முதலில் ஏறிக் கயிற்றைக் கட்டினேன். அவர் ஏணியை வலது கையால் பிடித்தார். ஒரு காலை வைத்தார். அடுத்த காலை எடுக்கும்போது ரப்பர் படகு பின்னால் நகர ஆரம்பித்தது. அந்த ஒரு கணத்தில் பழையபடி எதையாவது எட்டிப் பிடிக்கப் போகிறார், பிடி நழுவப் போகிறது என்று எனக்கு உயிரே போய்விட்டது.

அவர் எட்டிப் பிடிக்கவில்லை. இடது கையை மேலே தூக்கி என்னிடம் நீட்டினார்.

"இந்தா, பிடி," என்றார்.

மணிக்கட்டோடு சேர்த்துப் பிடித்தேன். திட்டிக்கொண்டே இழுத்தேன். மேலே வந்து என் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தார். இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது.

கரையில் நின்றவன் கைப்பேசியில் கூப்பிட்டான். என் கணவர் வலது கையால் எடுத்து, "விக்கல தம்பி," என்றார். வேறு ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டார்.

"கைய விடு, பாயை எடுக்கணும்," என்றார் என்னிடம்.

நான் விடவில்லை. ஒரு வருஷமாக இந்தக் கையைத்தானே கொடுங்கள் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். பாய் கொஞ்ச நேரம் கிடக்கட்டும், எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.